கைமெஷினில் தைத்த வள்ளப்பாய்

வட்டுக்கோட்டை பஸ்ஸில் என் முன்சீட்டில் குருநகர் மீன்காரிகள் இருவர். இளையவள் சொன்னதைக் கேட்டுப் புத்தகத்தை மூடினேன்.

“கிழிஞ்ச வள்ளப்பாய் ரெண்டையும் ஒண்டுக்குமேலை ஒண்டு வைச்சு, என்ரை கைமெஷினிலை தைச்சுப்போட்டன், அக்கா.”

“விசரே உனக்கு? அது சட்டை தைக்கிற மெஷினெல்லோ!”

“ஊசிக்கு மெழுகுதிரி தேய்ச்சன். நடுவிலை துடங்கி ஓரத்துக்குத் தைச்சன். ஓரத்திலை துடங்கினால் நடு பொம்மிப்போம். பாயின்ரை ஓரக்கரைக்குத் துணியைக் கோணலா வெட்டி மடிச்சுத் தைச்சன்.”

“உன்ரை மனுசன் அந்தப் பாயை நம்பிக் கடலுக்குப் போனவரே?”

“சிரிச்சுச் சிரிச்சுத்தான் போனவர். நேற்றைய காத்திலை கூடப்போன ரெண்டு வள்ளத்தின்ரை பாயும் கிழிஞ்சுபோச்சு. இவர்தான் அவையையும் கட்டி இழுத்துக்கொண்டு வந்தவர்.”

“மாதாவே! வந்து என்ன செய்தவர்?”

“நனைஞ்ச உடுப்போடை மெஷினுக்கு முன்னாலை முழங்காலிலை நிண்டு சிலுவை போட்டவர்.”

“அவரே? பூசைக்கே வராத மனுசன்!”