பாதி சொன்னால் திறக்காது

வாடகை வீட்டுக்குப் பொருள் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, காலி செய்யும் அன்று கையோடு கழற்றிக்கொண்டு போக முடியுமா என்பதைத்தான். இது தெரியாமல் பலர் சுவரைக் குடைந்து கேமரா, சுவிட்ச் என்று மாட்டிவிட்டு, போகும்போது வீட்டுக்காரருக்குத் தானம் செய்துவிட்டுப் போகிறார்கள். நான் அந்த ரகம் இல்லை. என் வீட்டில் ஸ்மார்ட் பல்புகள் பழைய ஹோல்டரிலேயே மாட்டியவை. கேமரா அலமாரி மேல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பீக்கர் செருப்பு ஸ்டாண்டின் மேல். வாசல் பூட்டு, பழைய பூட்டு இருந்த அதே ஓட்டையில். ஒரு ஆணிகூட அடிக்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், காலையில் வீட்டுக்கு வந்த உங்கள் நிபுணர் பூட்டைத் தட்டிக் கொட்டிப் பார்த்துவிட்டு, "சாஃப்ட்வேர் கோளாறா இருக்கும் சார்" என்றார். உங்கள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. கோளாறு என்று எழுதிவிட்டால் எல்லோருக்கும் வேலை மிச்சம், என்னையும் அனுப்பிவிடலாம். மன்னிக்க வேண்டும். நான் பார்த்து வாங்கிய பொருளில் கோளாறு கிடையாது.

வீட்டுக்காரரைப் பார்த்திருப்பீர்கள். சுவரில் ஆணி அடித்தால் தன் நெஞ்சில் அடித்ததுபோல் துடிக்கும் மனிதர். பின்பக்க அறையில் தன்னுடைய உடைந்த கட்டில்களை அடைத்துப் பூட்டி வைத்திருக்கிறார். அதனால் வீட்டுக்கு இருப்பது ஒரே வாசல். ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி, கதவுக்கு இரும்புத் தகடு. "சேஃப்டி முக்கியம் தம்பி" என்பார். அவர் வாயிலிருந்து வந்ததில் நான் ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான்.

கடைக்காரர் அவருக்கு மேல். நான் கைகாட்டிய பூட்டைப் பார்த்துவிட்டு, "சார், இது குடோனுக்குப் போடறது. உள்பக்கம் கைப்பிடியே கிடையாது. வெளிய போகணும்னாலும் பூட்டு ஒத்துக்கணும். வீட்டுக்கு வேணாம் சார்" என்றார். தன் கடைச் சரக்கைத் தானே வேண்டாம் என்று சொல்பவர் எப்படி உருப்படுவார்? வருகிறவனைத் தடுக்க ஊரில் ஆயிரம் பூட்டு கிடைக்கும். எனக்கு அது தேவைப்படவில்லை.

வீட்டில் நானும் அக்காவும் மட்டும். அம்மா முகம் எனக்கு நினைவில்லை. அப்பா, நான் சிறுவனாக இருந்தபோது ஒரு நாள் சட்டையை மாட்டிக்கொண்டு, "நான் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். அதற்குப் பிறகு அக்கா வீட்டில் ஒரு சட்டம் போட்டாள். பள்ளிக்கூடம் கிளம்பும்போது நான் வாய் தவறி "போறேன்" என்றால் வாசலிலேயே கையைப் பிடித்து நிறுத்திவிடுவாள். "அப்படிச் சொல்லக் கூடாதுடா. போயிட்டு வரேன்னு சொல்லு. முழுசா சொல்லு." முழுதாகச் சொன்ன பிறகுதான் கையை விடுவாள். அந்தப் பிடி எனக்குப் பிடிக்கும். அதற்காகவே சில நாள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

உள்ளே வர விரல்ரேகை போதும். ஆகவே, வெளியே போகக் கதவு திறக்க என்ன வாசகம் என்று பூட்டின் ஆப் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. 'போயிட்டு வரேன்.' அக்கா குரலையும் என் குரலையும் பதிந்துகொண்டேன். வேறு யார் சொன்னாலும் திறக்காது. அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நான் உனக்குச் சொல்லிக்கொடுத்ததை நீ கதவுக்குச் சொல்லிக்கொடுத்துட்டியா?" என்றாள். அவசரத்தில் "போயிட்டு வரேன்டா" என்பாள்; அந்த 'டா'வைக் கதவு ஏற்காது. கைப்பையும் குடையுமாக நின்று, பள்ளிப் பிள்ளை மாதிரி மறுபடி சொல்வாள். அந்த வீட்டில் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம், அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் கண்ணாடிக்காரர் வந்தார். அக்கா வேலை பார்த்த மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற ஆள். மனைவி இறந்தவர். தலையில் மிச்சமிருந்த முடிக்குத் தனித்தனியாகப் பெயர் வைக்கலாம். முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது ஸ்பீக்கர் பேசியதும் எழுந்து நின்று அதற்கு வணக்கம் சொன்னார். ஊரார் கண்ணையெல்லாம் சோதித்தவள் தனக்கென்று பொறுக்கியெடுத்த முத்து இது. அவரைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போகப் போவதாக அக்கா சொன்னாள். "எனக்குன்னு ஒரு வாழ்க்கை வேணாமாடா?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. சிரித்தேன்.

அவள்தான் கோபப்பட்டாள். கண்ணாடிக்காரரிடம் அவள் போனில் பேசியதை நான் வார்த்தை மாறாமல் திருப்பிச் சொன்னேன். உடனே அலமாரியை அண்ணாந்து பார்த்தாள். "கேமரா எதுக்குடா வெச்ச? என்னைக் காவல் காக்கவா?" அவளுக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு உண்டு. மூச்சு முட்டினால் பார்க்க ஆள் வேண்டாமா? வாயில் வைத்து உறிஞ்சுகிற அந்த மருந்தைக்கூட ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவள். அன்றிலிருந்து அதையும் நானே வாங்கி வைத்துக்கொண்டேன். கேட்டால் கொடுப்பேன். கேட்காமல் எங்கே கிடைக்கும்?

சம்பவத்தன்று வழக்கம்போல் அலுவலகம் போனேன். காப்பீட்டுக் கம்பெனியில் எனக்கு நல்ல பெயர். அரைகுறை விண்ணப்பம் எதுவும் என் மேசையைத் தாண்டாது. மதியம் போனில் கேமரா கூப்பிட்டது. வாசலில் அக்கா பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். கேமராவை நேராகப் பார்த்து, "நான் போறேன்டா. இனி வர மாட்டேன். போயிட்டு வரேன்னு பொய் சொல்லி என்னால போக முடியாது. கதவைத் திற" என்றாள்.

"புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்" என்றது ஸ்பீக்கர். எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறது, கவனித்தீர்களா? இந்த மாடலில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

அக்காவுக்குப் பிடிவாதம். கதவை உதைத்தாள், பெட்டியால் இடித்தாள். அப்படிக் கத்தினால் யாருக்குத்தான் இழுக்காது? கைப்பையைத் தரையில் கொட்டித் தேடினாள். மருந்து என் சட்டைப் பையில் இருந்தது. அதற்குள் கண்ணாடிக்காரர் வந்து வெளியிலிருந்து கதவைக் குத்த ஆரம்பித்துவிட்டார். எனக்குப் போன் செய்தார். "தம்பி, அவங்களுக்கு மூச்சே வரலை. கதவைத் திறங்க தம்பி, உங்க கால்ல விழறேன்" என்று அழுதார். "பார்க்கிறேன்" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கடைசியில் அக்கா வழிக்கு வந்தாள். கதவில் சாய்ந்து உட்கார்ந்து, "போயிட்டு..." என்றாள். அங்கேயே மூச்சு முட்டிவிட்டது. "புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்." மறுபடியும் "போயிட்டு..." அதற்கு மேல் வரவில்லை. நான் போன் வழியாகப் பேசினேன். "முழுசா சொல்லுக்கா" என்றேன். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கேமராவைத்தான் பார்த்தாள் என்பீர்கள். இல்லை, என்னைத்தான். உதடு அசைந்தது. நான் காத்திருந்தேன், பொறுமையாக.

அவள் அசைவது நின்ற பிறகு நானே போனிலிருந்து கதவைத் திறந்தேன். விரலால் ஒருமுறை தொட்டால் போதும். எப்போது தொட்டாலும் திறந்திருக்கும். ஆகவே கோளாறு என்று எழுத வேண்டாம். அந்தக் கம்பெனிக்காரன் என்ன பாவம் செய்தான்?

சந்தேகம் இருந்தால் இன்று காலையை நினைத்துப் பாருங்கள். என் விரல்ரேகையை வைத்து எல்லோரும் உள்ளே போனோம், கதவு சாத்திக்கொண்டது. வேலை முடிந்து கிளம்பும்போது உங்கள் நிபுணர் தள்ளினார், கான்ஸ்டபிள் தோளால் முட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் விலங்கு மாட்டிய கையோடு வாசலில் நின்று, "போயிட்டு வரேன்" என்றேன். திறந்தது.

"யார்கிட்டய்யா சொல்ற?" என்று கான்ஸ்டபிள் கேட்டார். அக்காவிடம்தான், வேறு யாரிடம்? எங்கள் வீட்டில் 'போறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர்கள் இரண்டே பேர், இரண்டு பேருமே திரும்பி வரவில்லை. நான் முழுதாகச் சொல்லியிருக்கிறேன். வந்துவிடுவேன்.