கழுவாத டப்பி

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் கண் மருத்துவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு எனக்குக் காது கொடுத்திருக்கும் தாய்மார்களே! கண்ணில் கான்டாக்ட் லென்ஸ் அணிந்து வந்திருக்கும் இளைய தலைமுறையே! பத்தொன்பது ஆண்டுகளாகக் கிருமிகளோடு குடித்தனம் நடத்தும் இந்த ஆய்வுக்கூடக்காரியின் வணக்கம்!

கைதட்ட அவசரம் வேண்டாம். இன்று உங்களைத் திட்டத்தான் வந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு பெண் வந்தார். பேருந்து ஓட்டுநர், லென்ஸ் அணிபவர். வலது கண் சிவந்து, கருவிழியில் வெள்ளையாய் ஒரு புண். மருந்துக்கடையில் எதையோ வாங்கி இரண்டு நாள் சொட்டு விட்டிருந்தார். நம் தலைவர் புண்ணைச் சுரண்டி எனக்கு அனுப்பினார். கிருமி வளர்க்கும் தட்டில் தடவி வைத்தேன். முளைத்ததா? முளைக்கவில்லை! கடைச் சொட்டு கிருமியை அரைகுறையாக அடக்கியிருந்தது. புண்ணோ பரவிக்கொண்டே போனது. எந்தக் கிருமி என்று தெரியாமல் எந்த மருந்தை நம்புவது? கண் போனால் உரிமம் போகும். உரிமம் போனால் அவர் உயிராய் நேசித்த வேலையே போகும்!

கண்ணில் இருக்கும் கிருமி அதிலும் இருக்குமே என்று, லென்ஸ் வைக்கும் டப்பியைக் கேட்டேன். மாமியார் கொண்டுவந்தார். அடடா, என்ன பளபளப்பு! சோப்பு போட்டு, வெந்நீரில் அலசி, துடைத்து!

"என்னம்மா இது?"

"டாக்டருக்கு அழுக்கு டப்பியவா குடுக்கிறது? மானம் போயிடாதா?"

சிரிக்கிறீர்கள்! நீங்கள் மட்டும் என்ன செய்வீர்களாம்? அதோ, பின்வரிசை அக்கா தலையை ஆட்டுகிறார். அவரும் கழுவுவார்!

எனக்கு வந்ததே கோபம்! "அந்த அழுக்குதாம்மா எனக்கு வேணும்!" என்று கத்திவிட்டேன். மாமியார் கண் கலங்கினார். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அப்போது மருமகள் மெல்ல வாய் திறந்தார்.

"அத்தையத் திட்டாதீங்க. பஸ் டிப்போல என் பையில இன்னொரு டப்பி இருக்கு. அவசரத்துக்குக் குழாய்த் தண்ணிதான் ஊத்துவேன். சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

மாமியார் ஓடினார். கழுவாமல் கொண்டுவந்தார்! அதில் இருந்ததைத் தட்டில் தடவினேன்; மறுநாள் காலை திறந்தால், பச்சைப் பசேலென்று பாக்டீரியா! அதற்கு அடுத்த நாள், அது எந்த மருந்துக்கு அடங்கும் என்பதும் தெரிந்தது. தலைவர் மருந்தை மாற்றினார். மாமியார் அலாரம் வைத்து மணிக்கொரு முறை சொட்டு விட்டார். புண் ஆறியது.

ஆகவே அன்பர்களே! கண் சிவந்தால் லென்ஸைக் கழற்றுங்கள்! கடைக்கு ஓடாதீர்கள், எங்களிடம் ஓடி வாருங்கள்! லென்ஸோடு வாருங்கள், டப்பியோடு வாருங்கள், அழுக்கோடு வாருங்கள்! எங்களிடம் என்னய்யா வெட்கம்?

இன்று உங்களை இங்கே ஏற்றி வந்த பேருந்து எங்காவது குலுங்கியதா? இல்லையே! ஓட்டியவர் யார்? அதோ, வாசலில் சாவியோடு நிற்கிறாரே, அவர்தான்! பக்கத்தில் நிற்பவர் மாமியார். இப்போது தட்டுங்கள் கையை!

பொறுமையாகத் திட்டு வாங்கிய உங்களுக்கு நன்றி. பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். அவர் கொண்டுபோய்ச் சேர்ப்பார். வணக்கம்!