எட்டாவது பாட்டு

எனக்குச் சத்தம் பிடிக்காது. ஒலிப்பதிவாளன் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் பக்கத்து அறையில் யாராவது நாற்காலியை இழுத்தால்கூட எனக்கு உடம்பு கூசும், ஐயா. அதனால்தான் வீட்டின் கீழ்த்தளத்தில் நானே ஒரு பதிவுக்கூடம் கட்டினேன். உள்ளே ஒருவன் தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே ஈ எறும்புக்குக்கூடக் கேட்காது.

அந்த ராக் குழுவில் மூன்று பேர். நெட்டை பாடுவான். திக்குவாயன் கிட்டார் வாசிப்பான். டிரம்ஸ் அடிப்பவனுக்கு இடியன் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஏழு பாட்டுகள் என்னிடம் பதிவு செய்தார்கள். எட்டாவது சரியாக வரவில்லை. இரண்டு நாள் தூங்கவிடாமல் திரும்பத் திரும்பப் பாடச் சொன்னேன். அப்படியே வேனில் ஏறிக் கச்சேரிக்குக் கிளம்பினார்கள். அவர்களில் வேனை ஓட்டியவன் கண் அசந்துவிட்டானாம். பாலத்துச் சுவரில் மோதி மூவரும் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கு என்னைக் குறை சொல்ல முடியாது. வேலை என்றால் வேலைதான்.

அதன் பிறகு எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன். பல் தேய்க்கும்போதும் அந்த எட்டாவது பாட்டு தலைக்குள் ஓடும், அதே இடத்தில் அறுந்துபோகும்.

ஒரு மாதம் கழித்து, காலையில் சாப்பிடும்போது, என் மச்சினன் கரண்டியால் தட்டில் தாளம் போட்டான். மனைவியின் தம்பி அவன். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. எங்கள் மாடியறையில்தான் இருந்தான். நான் போட்டிருக்கும் கண்ணாடியும் அவன் செய்து தந்ததுதான். பாட்டுக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் அவன் போட்டது இடியனின் தாளம்.

"இத எங்க கேட்ட?"

"தெரியல மாமா. கை தானாப் போகுது. ரெண்டு நாளாத் தூக்கமே இல்ல."

அந்த வாரமே அவனுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சலில் திக்கித் திக்கிப் பேசினான். கிட்டாரைக் கையில் கொடுத்தேன், வாசித்தான். காய்ச்சல் இறங்கியதும் விரலை எங்கே வைப்பது என்றே தெரியாமல் விழித்தான்.

"யாரோ என் உடம்ப வாடகைக்கு எடுத்த மாதிரி இருக்கு மாமா. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க."

டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தால் அவனுக்குள் வந்தவர்கள் போய்விடுவார்கள். தூக்கமில்லாமல் உடம்பு ஓய்ந்தால்தான் அவர்கள் வருகிறார்கள் என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

மனைவியை அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். "தம்பிய டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?" என்று தினமும் போனில் கேட்டாள். "காட்டியாச்சு, தூங்குறான்" என்றேன். அவளை எதற்கு வீணாகக் கலங்கடிக்க வேண்டும்?

மச்சினனைப் பதிவுக்கூடத்துக்குள் விட்டுப் பூட்டினேன். கண் சொக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரை அலறவிட்டு எழுப்பினேன். இரண்டாம் நாள் இடியன் வந்து தன் பங்கை அடித்துக் கொடுத்தான். மூன்றாம் நாள் திக்குவாயன் வந்தான். விரல் நுனிகள் பிய்ந்து கம்பியெல்லாம் ரத்தம். துணி சுற்றிவிட்டேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

நெட்டைதான் பிகு பண்ணினான். உயிரோடு இருந்தபோதும் அவன் அப்படித்தான். மூச்சு தீரும் இடத்தில்தான் அவனுக்கு அந்த உச்சக் குரல் வரும். நான்காம் நாள் மதியம், கூடத்துக்குக் காற்று போகும் குழாயைப் பழைய மெத்தையால் அடைத்தேன். வெளியே உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் நெட்டை வந்தான். அப்படி ஒரு குரலை என் வாழ்நாளில் நான் பதிவு செய்ததில்லை. கடைசி முணுமுணுப்பும் அடங்கும்வரை காத்திருந்து, பதிவை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தேன். அவன் கதவோரம் கிடந்தான்.

கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வருத்தம். நேற்று என்னைக் கேட்காமல் அந்தப் பதிவை என் மனைவிக்குப் போட்டுக் காட்டினீர்கள். அவள் என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"இதுல பாட்டு எங்கங்க இருக்கு? 'மாமா, கதவத் தொறங்க'ன்னு என் தம்பி கெஞ்சுறது மட்டும்தானே கேக்குது."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அது இன்னும் மிக்ஸிங் செய்யாத பிரதி.