இரண்டு வாரத்துக்கு முன் நிறுத்த வேண்டியவை

பலருக்குத் தங்கள் கைப்பைக்குள் என்ன இருக்கிறது என்பதே தெரியாது, டாக்டர். பதினோரு வருடமாக உங்கள் அறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து, அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? இல்லை என்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் பை திறக்கும். கண் இமையைத் தூக்கிக்கொள்ள வந்த ஒரு தலைமை ஆசிரியை, ஒன்றுமே சாப்பிடுவதில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடப் பையை மேசைமேல் கவிழ்த்தார். ஒன்பது டப்பாக்கள் உருண்டன. "இதெல்லாம் மாத்திரை இல்லம்மா, சத்து" என்றார்.

நான் சிரிக்கவில்லை. டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து எழுதிக்கொண்டேன். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டுச் சாறு, ஞாபகசக்திக்கென்று விற்கிற இலைச் சாறு. இவை ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம். தனியாக ஒன்று பெரிதாக எதுவும் செய்துவிடாது, நாலைந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஆபரேஷனுக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள், ஆனால் மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை எங்களைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது நீங்கள். நானும் நன்றாகவே கற்றுக்கொண்டேன்.

இன்று காலை என் தங்கையின் மருத்துவக் கோப்பை மறுபடி என்னிடம் கொடுத்து, அடுத்த மாதம் இரண்டாவது ஆபரேஷன், எல்லாவற்றையும் வழக்கம்போல நீயே பார்த்துக்கொள் என்றீர்கள். கோப்பை உங்கள் மேசையிலேயே வைத்துவிட்டேன். அதை எடுப்பதற்கு முன் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. வெளியே காத்திருக்கும் இருவரும் தையல் பிரிக்க வந்தவர்கள்தான், அவசரமில்லை.

எனக்கும் தங்கைக்கும் எட்டு வயது வித்தியாசம். அவளுக்கு நான்கு வயதாக இருந்தபோது, துணி அலசுவதற்காக நான் அடுப்பில் வைத்திருந்த வெந்நீர்ப் பாத்திரத்தை இழுத்துவிட்டாள். நான் வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தேன். வலது கன்னத்தில் பாதி, கழுத்து, தோள்பட்டை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "இனிமே இவ உன் பொறுப்பு" என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். நான் நர்சிங் முடித்த வருடம் அம்மாவும் போனார்.

பொறுப்பை நான் ஒருநாளும் தட்டிக்கழித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்கும் நாட்களில் அவளுக்குக் காய்ச்சல் என்று கடிதம் எழுதிக்கொடுத்தேன். பேருந்தில் வலப்பக்கம் ஜன்னலோரம் உட்கார வைத்தேன், மற்றவர் கண்ணில் படாமல் இருக்க. வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளியலறைக்குள் மாட்டினேன். எனக்கு வந்த இரண்டு மூன்று வரன்களையும் வேண்டாம் என்றேன். தங்கைக்காகத் தன் வாழ்க்கையையே விட்டவள் என்று சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு நல்ல பெயர். நீங்களே ஒருமுறை ஊழியர் கூட்டத்தில் அப்படிச் சொன்னீர்கள், எல்லோரும் கை தட்டினார்கள்.

படிப்பு முடிந்ததும் அவளுக்குத் தொலைபேசியில் பேசுகிற வேலை பார்த்துக்கொடுத்தேன். தொலைந்துபோன பெட்டிகளைப் பற்றி விமானப் பயணிகள் கோபமாகக் கூப்பிடுவார்கள், அவள் சமாதானப்படுத்துவாள். நல்ல குரல். திட்ட ஆரம்பித்தவர்கள் கடைசியில் தங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிட்டு வைப்பார்களாம். சாயங்காலம் வந்து அவர்களைப் போலவே பேசிக் காட்டுவாள், நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். இருபத்தாறு வயது வரை அவளுக்கு வேறு சிநேகிதம் இருந்ததில்லை. தேவைப்படவும் இல்லை என்றே நினைத்தேன்.

அந்த அலுவலகத்தில் ஒருநாள் மின்தூக்கி நடுவில் நின்றுவிட்டது. உள்ளே அவள் மட்டும். சரிசெய்ய வந்த மெக்கானிக் மேலிருந்தபடி முக்கால் மணி நேரம் அவளோடு பேசிக்கொண்டே வேலை பார்த்திருக்கிறார். கதவு திறந்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். அவர், "இந்தப் பக்கமா இறங்குங்க, அங்க கிரீஸ் இருக்கு" என்றாராம். அவ்வளவுதான். அதை என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். வீட்டில் அவருக்கு லிப்ட்காரர் என்றே பெயராகிவிட்டது.

நல்ல மனிதர், நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. கல்யாணம் செய்துகொண்டு சேர்ந்தே போகலாம் என்றார். தங்கை என்னிடம் வந்து, "அக்கா, உங்க டாக்டர்கிட்ட ஒருதடவை காட்டலாமா?" என்று கேட்டாள். அவருக்காகவா என்றேன். "அவருக்கு இது கண்ணுலயே படலையாம். எனக்குத்தான் படுது. ஒரே ஒரு போட்டோவுக்கு நேரா நிக்கணும்னு ஆசை" என்றாள்.

அவளை முதல்முறை பார்த்தபோது நீங்கள் என்னிடம் கேட்டது நினைவிருக்கிறது. பத்து வருடத்துக்கு மேல் என் பக்கத்து அறையில் இருந்துகொண்டு, உன் தங்கைக்கு இப்படி ஒரு தழும்பு இருப்பதை ஏன் சொல்லவே இல்லை? அவள் கேட்கவில்லை என்றேன்.

தழும்பை எடுத்துவிட்டு வேறு இடத்துத் தோலை வைத்து ஒட்டலாம், நன்றாகவே வரும் என்றீர்கள். தேதி குறித்தீர்கள். நிறுத்த வேண்டியவற்றின் பட்டியலை நானே எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். அவள் சொன்ன சொல் தட்டாதவள். தலைமுடிக்கென்று சாப்பிட்டுக்கொண்டிருந்ததை அன்றே நிறுத்தி டப்பாவோடு என்னிடம் கொடுத்துவிட்டாள். ரத்தம் கொஞ்சம் குறைவாக இருக்கிறது என்று நீங்கள் இரும்புச்சத்து எழுதிக்கொடுத்தீர்கள். வேளை தவறக் கூடாது என்று, கிழமை அச்சிட்ட சின்ன மாத்திரைப் பெட்டி ஒன்று வாங்கி, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நானே நிரப்பி வைத்தேன்.

இரும்புச்சத்தையும் வைத்தேன், டாக்டர். அதில் குறை வைக்கவில்லை. கூடவே மற்றவையும் வைத்தேன். எவை என்று நான் சொல்ல வேண்டியதில்லை, கதவில் ஒட்டிய அந்தத் தாளில் என் கையெழுத்திலேயே இருக்கின்றன.

ஆபரேஷன் தள்ளிப்போனால் போதும் என்றுதான் நினைத்தேன். ரத்தம் சரியில்லை, இரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். அதற்குள் லிப்ட்காரர் ஊருக்குப் போய்விடுவார். பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடும். என் எண்ணம் இவ்வளவுதான்.

பத்தாவது நாள் அவள் முழங்கைக்கு மேல் நீலமாகக் கன்றிப்போயிருந்ததைக் காட்டினாள். எங்கேயும் இடித்துக்கொண்ட ஞாபகமே இல்லை என்றாள். டாக்டரிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டாள். பேருந்துக் கம்பியில் பட்டிருக்கும், சின்ன விஷயத்துக்கெல்லாம் அவரைத் தொந்தரவு செய்யாதே என்றேன். பரிசோதனைக்கு வந்த அன்று முழுக்கைச் சட்டை எடுத்துக்கொடுத்தேன். இன்னொரு நாள், ஏப்பத்தில் மீன் வாசனை வருகிறதே என்றாள். இரும்புச்சத்து அப்படித்தான் என்றேன். "நீ சொன்னா சரி" என்று தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள்.

உங்கள் ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாகவே வந்தது. அதில் இது தெரியாமல் போகலாம் என்று எனக்குத் தெரியும். ஆபரேஷன் அன்று காலை படிவத்தை நிரப்பியதும் நான்தான். சத்து மாத்திரைகள் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவளும் போட்டாள்.

உள்ளே போவதற்கு முன் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். லிப்ட்காரர் வெளியே சுவரோரம் நின்றிருந்தார், கையில் தெர்மாஸ். யாருக்கு என்று கேட்டேன். "உங்களுக்குத்தாங்க்கா. நீங்க ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்கன்னு அவ சொன்னா" என்றார். வாங்கிக்கொண்டேன்.

வழக்கத்தைவிட ரத்தம் கசிகிறது என்று உள்ளே நீங்கள் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கசிந்த ஒவ்வொரு இடத்தையும் சுட்டு ரத்தத்தை நிறுத்தி, பொறுமையாக ஒட்டி முடித்திருக்கிறீர்கள். உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை. இதை எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கிறேன். பதினோரு மணிக்கு மூன்றாம் மாடி அறைக்குக் கொண்டுவந்தார்கள். நீங்கள் வந்து பார்த்துவிட்டு, "அருமையா வந்திருக்கு, நீ பக்கத்துல இருக்கும்போது எனக்குக் கவலை இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

அந்த அறையில் நடந்ததைத்தான் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

ஒரு மணிக்கு அங்கே இருந்த நர்ஸ் பெண்ணைச் சாப்பிட அனுப்பினேன். அவள் தயங்கினாள். நான் இருக்கிறேன், நிதானமாக வா என்றேன். திரும்பி வந்ததும், இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது, மற்ற அறைகளைப் பார் என்றேன். எனக்குக் கீழே வேலை கற்றவள், மறுபேச்சு பேசவில்லை. இரண்டு மணிக்குக் கட்டின் ஓரம் உப்ப ஆரம்பித்தது. ஒட்டிய தோலுக்கு அடியில் ரத்தம் தேங்கினால் அந்தத் தோல் பிழைக்காது, சீக்கிரம் திறந்து வெளியேற்ற வேண்டும். கழுத்தில் தேங்கினால் உயிருக்கே ஆபத்து. புதிதாகச் சேருகிற பெண்களுக்கு நான் எடுக்கும் முதல் வகுப்பே இதுதான்.

"அக்கா, இறுக்குது" என்றாள் தங்கை.

"கட்டுன்னா அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"யாரோ கழுத்தைப் பிடிக்கிற மாதிரி இருக்கு."

"கண்ணை மூடிக்கோ. தூங்கினா சரியாயிடும்."

மூடிக்கொண்டாள். நான் சொன்னதற்காக மூடிக்கொண்டாள், தூக்கம் வந்து அல்ல. இமைக்குள் விழி ஓடிக்கொண்டே இருந்தது. கட்டிலில் தொங்கிய அழைப்பு மணி என் கையில்தான் இருந்தது. அழுத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். கட்டைவிரல் அதன் மேலேயே இருந்தது, கீழே இறங்கவில்லை. அப்போது நீங்கள் தரைத்தளத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். கூப்பிட்டிருந்தால் மூன்று நிமிடத்தில் வந்திருப்பீர்கள். அவள் மூச்சு சீராக இருக்கிறதா என்று மட்டும் விடாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். மூச்சுக்கு ஆபத்து வர விட்டிருக்க மாட்டேன். நாலரை மணிக்கு அழுத்தினேன். இப்போதுதான் கவனித்தேன், திடீரென்று வீங்கிவிட்டது என்று உங்களிடம் சொன்னேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். திறந்து சுத்தம் செய்தீர்கள். ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது தோல் கறுத்திருந்தது. பழைய தழும்பாவது பழகிய தழும்பு. இப்போது இருப்பது உதட்டோரத்தையும் சேர்த்து இழுக்கிறது. பேச்சு குழறுகிறது. அலுவலகத்தில் அவளுடைய இடத்துக்கு வேறு ஒருத்தியை எடுத்துவிட்டார்கள்.

ஏதாவது சாப்பிட்டாயா, மறைக்காமல் சொல் என்று நீங்கள் அவளைக் கேட்டீர்கள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதனால்தான் அவளுக்கு அதிகம் வலித்தது. இரண்டு நாள் யோசித்தாள். அப்புறம் என்னிடம் வந்து, "அக்கா, பக்கத்து சீட்டுப் பொண்ணு வைட்டமின் மிட்டாய் கொடுத்தா. ரெண்டே ரெண்டு. மறந்துபோய்ச் சாப்பிட்டுட்டேன். அதனாலதானா?" என்று கேட்டாள்.

அந்த மிட்டாயால் ஒன்றும் ஆகியிருக்காது. அதை நான் சொல்லவில்லை. "போனது போச்சு, விடு" என்றேன். என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, உன்னையும் தலைகுனிய வைத்துவிட்டேன் என்று அழுதாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அன்றே மன்னித்துவிட்டேன்.

லிப்ட்காரர் புது ஊரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஆனால் வாராவாரம் ஐந்து மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்து வருகிறார். அவள் தூங்குகிறாள் என்று சொல்லுவேன். "தூங்கட்டும்க்கா, நான் உக்காந்திருக்கேன்" என்று கூடத்து நாற்காலியில் சாயங்காலம் வரை இருப்பார். அவள் உள் அறையில் விழித்தபடி, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருப்பாள். ஒருமுறை அவர் கதவுக்கு வெளியிலிருந்து ஏதோ பேசினார். அவள் சிரித்த சத்தம் எனக்குச் சமையலறையில் கேட்டது. அடுத்த வாரம் அவர் வந்தபோது, அவளுக்குக் காய்ச்சல் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டேன்.

இரண்டாவது ஆபரேஷன் வேண்டும் என்று முந்தாநாள் நீங்கள் அவளிடம் சொன்னதும், நேற்று அவள் வீட்டில் இருந்த எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தாள். இருமல் மருந்தைக்கூட விடவில்லை. "இந்தத் தடவை எல்லாத்தையும் நீயே வச்சுக்கோ. என்னை நம்பாதே" என்றாள்.

இன்று காலை வேலைக்கு வரும் வழியில் மருந்துக்கடையில் நின்றேன். தலைவலித் தைலம் வாங்கத்தான் போனேன். காசு கொடுத்து வெளியே வந்த பிறகுதான் பைக்குள் பார்த்தேன். மூன்று டப்பாக்கள். கேட்டது நான்தான், கேட்டதாக நினைவில்லை. இதோ, உங்கள் மேசையில் வைக்கிறேன். முத்திரை இன்னும் பிரிக்கவில்லை.

ஆமாம், மாத்திரை கொடுத்ததும் நான்தான், மணியை அழுத்தாமல் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததும் நான்தான். போலீஸைக் கூப்பிடுங்கள், இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், டாக்டர். இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். தாங்க மாட்டாள், பாவம். இந்த உலகத்தில் அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?