புளித்தண்ணீரில் போட்டவன் நான்

தலைவர் அவர்களே, மலையடி ஊர்களிலிருந்தும் பொதட்டூர்பேட்டையிலிருந்தும் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து கலங்கி உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! சித்திர வாத்தியார் சிவப்பிரகாசமாகிய எனக்கு மேடையில் பேசத் தெரியாது.

விஞ்ஞான ஆசிரியர் சடகோபன் போய்விட்டார். நாற்பது வயது! இது போகிற வயதா?

கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடலில் வாழ்ந்து, சுருண்ட கல்லாகிப்போன அம்மோனைட்டுகளை அரியலூர்ப் பக்கம் காரை என்னும் ஊரின் காட்டில் பொறுக்கி, ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவருவாரே, அந்தச் சடகோபன்! தையல் ஊசியை மூங்கில் குச்சியில் செருகி, ஒட்டிய களிமண்ணைக் கடுகளவு கடுகளவாகக் கிளறி எடுப்பாரே, அந்தச் சடகோபன்! உடைந்த துண்டை வஜ்ஜிரம் வைத்து ஒட்டிவிட்டு, காயும்வரை கையில் பிடித்தபடியே பாடம் நடத்துவார். சாளக்கிராமம் என்று யாராவது கன்னத்தில் போட்டுக்கொண்டால், "நல்லா கும்பிடுங்க, சந்தனம் மட்டும் பூசிடாதீங்க" என்று சிரிப்பார்.

சற்றுமுன் தலைமையாசிரியர், "அப்பேர்ப்பட்டவரும் ஒரேயொரு முறை கவனக்குறைவால் அருமையான கல்லைக் கெடுத்துவிட்டார்" என்றார். சபையோரே, அது உண்மையல்ல. சடகோபன் அவரிடம் அப்படிச் சொல்லிவைத்தார்.

கெடுத்தவன் நான்! மாசி மாதம் அவர் பள்ளிப்பட்டுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் கொண்டுவந்திருந்த அந்தக் கல்லைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஓர் அறிஞர் வருவதாக இருந்தது. இவ்வளவு அழுக்காக இருக்கிறதே என்று, பித்தளைச் சொம்புக்குச் செய்கிற மாதிரி புளித்தண்ணீரில் போட்டுவிட்டேன். இரண்டு நாள் ஊறியது. சுண்ணாம்புக் கல் அல்லவா? புளி தின்றுவிட்டது. என்ன இனம் என்று காட்டும் கோடுகள், கொத்துமல்லி இலை விளிம்புபோல் நெளிந்த அந்தக் கோடுகள், எல்லாம் போயின.

திரும்பி வந்தவர் கல்லைத் தடவிப் பார்த்தார். பிறகு, "உடுங்க மாஷ்டர், அழுதுகினு நிக்காதீங்க. உங்க வேலை இன்னும் பர்மனெண்ட் ஆவல. நான்தான் ஊற வெச்சேன்னு சொல்லிக்கிறேன்" என்றார்.

வந்த அறிஞர் அவரைக் கடிந்துகொண்டு போனார். அந்தக் கெட்ட பெயரைத் தீர்க்கத்தான் சித்திரை வெயிலில் மறுபடியும் காரைக்குப் போனார். காய்ச்சலோடு வந்து இறங்கினார். பதினோராம் நாள் முடிந்துவிட்டது. ஐயோ, நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? என் வேலைக்குப் பயந்து!

நேற்று அவர் மனைவி கோமளவல்லி அம்மாள், அவர் கடைசியாகக் காரையிலிருந்து கொண்டுவந்த, மண் ஒட்டிய கல்லொன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். நான் வாங்க மறுத்தேன். "நீங்கதான் சுத்தம் பண்ணணுமாங்க. வேற யார் கையிலயும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாரு" என்றார்.

அம்மா, உங்கள் முன்னிலையில் சொல்கிறேன். எத்தனை வருஷமானாலும் ஊசியாலேயே அதைச் சுத்தம் செய்வேன். அதன்மேல் ஒட்டும் பெயர்ச்சீட்டில், கண்டெடுத்தவர் என்று சடகோபன் பெயர் இருக்கும். கெட்டுப்போன கல்லின் சீட்டில், கெடுத்தவன் என்று என் பெயர் இருக்கும்.

தலைமையாசிரியர் அவர்களே! என் வேலையைப் பற்றி நாளைக்கு முடிவு செய்யுங்கள். இன்று என் நண்பனுக்கு அவன் நல்ல பெயரைத் திருப்பிக் கொடுங்கள்.