மார்லி வண்டிக்குப் போட்ட சைலன்சர்

பதினேழு வயதுப் பிள்ளை ஓட்டப்போகும் முதல் பிக்கப் வண்டிக்கு விலை உயர்ந்த சைலன்சர் வாங்குவது வீண் வேலை. முப்பத்தொரு வருஷம் வண்டிகளுக்குச் சைலன்சர் மாட்டியே பிழைத்தவன் சொல்கிறேன். எங்கள் ஓஹையோ பக்கம் பனிக்காலம் முழுக்க, பனி உருகுவதற்காக ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். எதை மாட்டினாலும் ஐந்தாறு வருஷத்தில் துரு தின்றுவிடும். மார்லிக்கு நான் சொன்ன யோசனையில் தப்பில்லை. ஷெரீப், உங்கள் போலீஸ் ஆபீசில் மஞ்சள் தாளும் பேனாவும் கொடுத்து எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மார்லியும் அவள் அம்மாவும் எங்கள் ரோட்டின் கடைசி வீடு, மேட்டின்மேல். பள்ளிக்கூடம் போகுமுன் அந்தப் பெண் ஊருக்குள் டோனட் கடையில் வேலை செய்தாள். காலை ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எங்கள் வாசலைக் கடந்து போவாள். வண்டிக்கு அவளைவிட வயது அதிகம். பழைய சைலன்சர் இற்றுக் கழன்றுவிட்டதால், மேட்டில் கிளப்பும்போதே எங்கள் ஜன்னல் அதிரும்.

அந்த ஜன்னலுக்குக் கீழேதான் என் மனைவி லவோனாவின் கட்டில். புற்றுநோய் எலும்பு வரைக்கும் போய்விட்டது, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ராத்திரி முழுக்க முனகுவாள். நாக்கின் அடியில் மருந்துச் சொட்டு விட்டால் நாலு மணி வாக்கில் கண் மூடுவாள். மணி ஐந்தடிக்குமுன் வண்டி வரும், கண்ணைத் திறந்துவிடுவாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஜனவரி மாதம் முழுக்க இதை நான் பார்த்தேன். நாற்பத்து நாலு வருஷம் கூட வாழ்ந்தவள். அவளுக்குத் தூக்கம் கிடைக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை. அவளே கேட்டாள். ஒரு பெட்டி டோனட்டோடு லவோனாவைப் பார்க்க வந்தவள், கிளம்பும்போது வாசலில் நின்று, "மிஸ்டர் வெண்டல், என் வண்டி மிஸ் லவோனாவ எழுப்பி விட்ருதா? தொந்தரவுன்னா சொல்லுங்க, நான் பாலம் சுத்திப் போயிக்கிறேன்" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, கண்ணு," என்றேன்.

நீங்களும் இந்த மாவட்டத்தில் வளர்ந்தவர். பக்கத்து வீட்டுக்காரரிடம் யாராவது தொந்தரவு என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

அப்போதுதான் சைலன்சர் பேச்சு வந்தது. கையில் இருப்பது கொஞ்சம், என்ன போடலாம் என்றாள். என் பழைய சாமான் விலைப் புத்தகத்தை எடுத்து மூன்று வகை காட்டினேன். சத்தமே வராதது ஒன்று, அவளுக்கு எட்டாத விலை. நடுத்தரம் ஒன்று. உள்ளே கண்ணாடி நார் அடைத்த உருளை ஒன்று, மூன்றிலும் மலிவு, உறுமலும் அதிகம். நடுவில் உள்ளதைப் போடு என்றேன்.

"அதப் போட்டா தையல் மிஷின் மாதிரி இருக்கும், மிஸ்டர் வெண்டல். பள்ளிக்கூடத்துல பசங்க சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டுமே. உனக்குக் காது மிஞ்சும்."

"உங்களுக்கு மிஞ்சுச்சா? நான் மூணு தடவை கூப்பிட்டாத்தான் திரும்புறீங்க."

லவோனா கட்டிலில் இருந்தபடி சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். பக்கத்து மாவட்டத்தில் ஒரு பையன் புதிது போலவே ஒரு உருளையை அடிமாட்டு விலைக்கு விற்பதை மார்லி போனில் கண்டுபிடித்தாள். நல்ல சாமான், வாங்கு, மாட்டுவதற்குக் காசு வேண்டாம் என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் வண்டியை என் கொட்டகையில் தூக்கி நிறுத்தினேன். விளக்கைப் பிடித்துக்கொண்டு அடியில் போனதும் பார்த்தேன். ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே தரைத் தகடு துருப்பிடித்து, என் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. இந்த மாதிரி வண்டிக்குக் குழாயைப் பின்பம்பர் தாண்டிக் கொண்டுபோய் விட வேண்டும், புகை உள்ளே ஏறாமல் வெளியே போக. தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்ளும் விஷயம் இது. அதற்கென்று வளைத்த குழாய் என் சுவரில் நாலைந்து தொங்குகிறது. அவள் வண்டிக்குப் பொருந்துவதும் இருந்தது.

நான் குழாயைச் சீட்டுக்கு அடியிலேயே வெட்டி நிறுத்தினேன்.

"இவ்வளவு சின்னதா போதுமா?" என்று மார்லி குனிந்து பார்த்தாள்.

"நீட்டுனா செலவு. இப்படி விட்டா உறுமலும் நல்லா வரும்."

இரண்டும் உண்மை. வேலையிலும் குறை சொல்ல முடியாது. வெல்டிங்கை நீங்களே பார்த்திருப்பீர்கள், சுற்றிலும் ஒரே சீராக இருக்கும். அவள் ஏறி முடுக்கினாள். கொட்டகையே கிடுகிடுத்தது. கைதட்டிச் சிரித்தாள்.

வண்டியில் கால் சில்லிட்டுப் போகிறது என்று முன்பே சொல்லியிருந்தாள். எங்கள் முன்னறைக்குப் போட்டதில் மிஞ்சிய கம்பளத் துண்டு ஒன்று கிடந்தது. அதை அளவாக வெட்டி ஓட்டைமேல் விரித்துக் கொடுத்தேன். ஓட்டை தெரியாது, காற்றையும் நிறுத்தாது. "எங்கப்பாகூட எனக்கு இப்படியெல்லாம் செஞ்சதில்ல," என்றாள்.

"கடை தொறக்குற வரைக்கும் என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

"ஓனர் வர்ற வரைக்கும் கடைக்குப் பின்னாடி வண்டிக்குள்ளயே உக்காந்திருப்பேன். ஹீட்டரைப் போட்டுட்டு."

"கண்ணாடிய முழுசா ஏத்திக்கோ, கண்ணு. இல்லன்னா சூடு நிக்காது."

புகையில் தலைவலி வந்து வண்டியை விற்றுவிடுவாள் என்றுதான் நினைத்தேன் என நேற்று உங்களிடம் சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என்றைக்கு என்பதுதான் தெரியாது.

செவ்வாய்க்கிழமை பனி கொட்டியது. கடைக்காரர் வருவதற்கு நாற்பது நிமிடம் தாமதம். அவர் வந்தபோது வண்டி உறுமிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மார்லி கண்ணாடியில் தலை சாய்த்திருந்தாளாம். தூங்குகிறாள் என்று நினைத்து முதலில் கடையைத் திறக்கப் போய்விட்டார். பழைய வண்டி, புகை உள்ளே ஏறிவிட்டது, பாவம், என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சவப்பெட்டி தூக்க என்னையும் கூப்பிட்டார்கள். அவள் அம்மா என் கையை விடவே இல்லை. "உங்களப் பத்தித்தான் அவ ஓயாம பேசுவா," என்றாள். எனக்கு அழுகை வந்தது. பொய் அழுகை இல்லை. அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கும்.

லவோனாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பெண் போன மறுநாள், புதன்கிழமை விடியுமுன், அதே நேரத்துக்கு, அவள் கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்தாள்.

"புள்ள இன்னும் போகலையா?"

"போயிட்டா. சத்தம் வராத சைலன்சர் மாட்டிக் குடுத்துட்டேன். நீ தூங்கு."

அவள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். பிறகு, "ஏன் வெண்டல் அப்படிப் பண்ணுன? அது போற சத்தத்துக்குத்தான ராத்திரி பூரா முழிச்சுக் கெடப்பேன். அது கேட்டாத்தான், சரி, இன்னொரு நாள் பாத்துட்டோம்னு இருக்கும்," என்றாள்.

அன்று இரவிலிருந்து துணைக்கு உட்கார ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸை அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் லவோனா போய்விட்டாள். அடக்கம் முடிந்து, உங்கள் மனைவி செய்த நூடுல்ஸ் பாத்திரத்தோடு நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். முன்னறைக் கம்பளத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். மார்லி வண்டியில் விரித்திருந்த துண்டை நினைக்கிறீர்கள் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

நர்ஸின் நோட்டுப் புத்தகத்தை நேற்று எனக்குப் படித்துக் காட்டினீர்கள். ஒன்பது ராத்திரியும் நோயாளி கண் மூடவில்லை, விடியுமுன் அந்தப் பெண்ணின் வண்டி போய்விட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார், ஒவ்வொரு முறையும் கணவரைக் கூப்பிட்டார் என்று எழுதியிருக்கிறது. இருக்கலாம். நான் செய்ததெல்லாம் அவள் தூக்கத்துக்காகத்தான். அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. வீடு அமைதியாக இருந்தது, நான் நன்றாகத் தூங்கிவிட்டேன்.