யாரும் உணராமல் இடம் மாற நினைத்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் நிறுவனத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, அண்ணனின் மகளே, மருத்துவமனையிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் நூலகத்திலிருந்தும் வேலையைப் பாதியில் விட்டு வந்திருப்பவர்களே, இத்தனை வருடமும் அவர் குரலைத் தொலைபேசியில் மட்டுமே கேட்டுவிட்டு இன்று அவர் முகத்தை முதல்முறையாக இந்தப் படத்தில் பார்ப்பவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நம் முதுநிலைப் பொறியாளர், நம் அட்ரஸ் அண்ணன் இறந்துவிட்டார். இந்த வாக்கியத்தை வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு வந்தேன். இங்கே சொல்லும்போதும் அது எனக்குப் பழகவில்லை.

அவருக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று குடும்பத்தாரில் சிலர் வாசலில் கேட்டார்கள். சொல்கிறேன். நீங்கள் ஒரு மருத்துவமனையின் இணையப் பெயரைக் கணினியில் தட்டுகிறீர்கள். கணினிக்கு அந்தப் பெயர் புரியாது, எண்கள்தான் புரியும். அதனால் அது பக்கத்தில் இருக்கும் ஒரு சர்வரைக் கேட்கிறது. அந்த சர்வருக்கும் தெரியாவிட்டால், எல்லாவற்றுக்கும் மேலே இருப்பவரிடம் போய்க் கேட்கும். அவர், ‘எனக்குத் தெரியாது, இந்த வகைப் பெயர்களைப் பார்த்துக்கொள்பவர் அங்கே இருக்கிறார்’ என்று கைகாட்டுவார். அங்கே இருப்பவர் இன்னொருவரைக் காட்டுவார். கடைசியில் அந்தப் பெயருக்குப் பொறுப்பானவரிடம் கேள்வி வந்து சேரும். அவர்தான் எண்ணைச் சொல்லுவார்; அந்த எண்ணைத்தான் நாங்கள் அட்ரஸ் என்போம். கூடவே, இந்தப் பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்பதையும் சொல்லுவார். கண் சிமிட்டும் நேரத்தில் இவ்வளவும் நடக்கிறது. உங்கள் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் நூலகத்துக்கும் அந்தக் கடைசிப் பதிலைத் தவறாமல் சொல்லவைத்தவர் யார்? நம் அட்ரஸ் அண்ணன்.

மருத்துவமனை புதிய கட்டடத்துக்குப் போனது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கணினிகளும் மாறின. அண்ணன் அவகாசம் கேட்டார். நிர்வாக அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் இங்கே இருக்கிறார், நான் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

“பேரு அதேதானே? மெஷின்தானே மாறுது? இதுக்கு ஏன் இத்தனை நாள் இழுக்கிறீங்க?”

“சார், உங்க பேரைக் கேட்டவங்க எல்லாரும் பழைய அட்ரஸை மனசுல வச்சிருக்காங்க. ஒரு நாள் முழுக்க வச்சுக்கோன்னு நாமதான் சொல்லியிருக்கோம். முதல்ல அஞ்சு நிமிஷம் மட்டும் வச்சுக்கோன்னு மாத்தணும். பழைய நினைப்பெல்லாம் கழிஞ்சதுக்கு அப்புறம்தான் வீடு மாறணும். இல்லைன்னா பாதிப் பேர் பூட்டுன கதவைத் தட்டிக்கிட்டு நிப்பாங்க.”

அதோடு விட்டாரா? சில கணினிகள் சொன்ன பேச்சைக் கேட்காது, பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றுக்காகப் பழைய கட்டடத்தில் பழைய சர்வரை ஓடவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அலமாரி கழற்ற வந்த தச்சர் கேட்டாராம்: “என்ன சார், எல்லாரும் போயாச்சு, உங்களை மறந்துட்டுப் போயிட்டாங்களா?”

“இல்லப்பா. இன்னும் ஒண்ணு ரெண்டு பேர் வந்துக்கிட்டு இருக்காங்க. அவங்களை அனுப்பிட்டு வரேன்.”

மருத்துவமனை மாறியது. இரத்தம் கேட்டவருக்கும், மருத்துவரின் நேரம் கேட்டவருக்கும் ஒரு நிமிடத் தடங்கல்கூட இல்லை. எங்கள் தொழிலில் இதுதான் உச்சம். மாறியது யாருக்கும் தெரியக்கூடாது.

போன வருடம் அண்ணனிடம் ஒரு மாற்றம் வந்தது. யார் எதைக் கேட்டாலும், “இதை அந்தப் பொண்ணு பார்த்துக்குவா” என்று என்னையோ, “அவன்கிட்ட கேளுங்க” என்று எதிர்மேசைப் பொறியாளரையோ காட்டத் தொடங்கினார். பிறகு, “அடுத்த தடவை என்கிட்ட வராதீங்க, நேரா அவங்களையே கேளுங்க” என்றார். தலைவர்கூடக் கிண்டல் செய்தார்: “என்ன அண்ணே, சம்பளம் மட்டும் உங்களுக்கு, வேலை எல்லாம் பிள்ளைங்களுக்கா?” அண்ணன் சிரித்தார். வாரம் தவறாமல் அவரோடு பேசும் நூலகர் அம்மா என்னிடம் வருத்தப்பட்டார்: “நான் என்னம்மா தப்பு பண்ணேன்? முன்ன மாதிரி பேசவே மாட்டேங்கிறார்.”

அம்மா, நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. நோய் முற்றிவிட்டது, இன்னும் சில மாதங்கள்தான் என்று மருத்துவர் அவரிடம் சொல்லிவிட்டிருந்தார். அதை அவர் அப்போது யாரிடமும் சொல்லவில்லை, அண்ணியிடம்கூட. நம் நினைவிலிருந்து தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிக்கொண்டிருந்தார். மருத்துவமனைக்குச் செய்த அதே வேலையைத் தனக்கும் செய்துகொண்டார். நாம் பூட்டிய கதவின் முன் நிற்கக்கூடாது என்று நினைத்தார்.

வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. வெளியூரில் படிக்கும் மகள் தினமும் அப்பாவை அழைப்பாள். சட்டையில் மைக்கறை பட்டால் என்ன செய்வது, அரிசி குழைந்துவிட்டால் என்ன செய்வது, எல்லாமே அப்பாவிடம்தான். அப்பாவோ, “அம்மாவைக் கேளும்மா” என்று சொல்லிச் சொல்லிப் போனை வைத்திருக்கிறார். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் அவள் கேட்டுவிட்டாள்:

“அம்மாவுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாதாப்பா? நான் என்ன, பதிலுக்காகவா உங்களுக்குப் போன் பண்றேன்?”

இதை அண்ணி என்னிடம் சொன்னார். இங்கே சொல்லச் சொன்னதும் அவர்தான். அந்தப் போனை வைத்துவிட்டு அண்ணன் சமையலறைக்கு வந்தாராம். அண்ணி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். “ஒரு நிமிஷம் உக்காரேன்” என்றாராம். அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னார். அண்ணி அழவில்லையாம். “இதைச் சொல்லாமலே போயிடலாம்னு இருந்தீங்களா? நான் என்ன உங்க கம்ப்யூட்டரா?” என்று கேட்டாராம். அண்ணன்தான் அழுதாராம்.

மகள் ஊருக்கு வந்தாள். இருந்த நாட்கள் முழுதும் அவள் கேட்டதற்கெல்லாம் அவரே பதில் சொன்னார். தெரிந்த கேள்விகளையே அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவரும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவரை வழியனுப்பிய அன்று எங்கள் அலுவலகத்தில் என்ன நடந்தது தெரியுமா? எதுவும் நடக்கவில்லை. ஒரு பெயர்கூடத் தவறவில்லை. எல்லாக் கேள்விக்கும் பதில் போய்க்கொண்டே இருந்தது. திரையில் எல்லாம் பச்சையாக இருந்தது. அவ்வளவு நன்றாகச் செய்துவிட்டுப் போயிருந்தார். அந்தப் பச்சையை என்னால் பார்க்க முடியவில்லை. எங்காவது ஏதாவது ஒன்று நின்றுபோயிருக்கக்கூடாதா? ஒருவர் இல்லாமல் போனதற்கு ஓர் அடையாளம் வேண்டாமா?

அண்ணனே, உங்கள் கணக்கு இயந்திரங்களிடம் சரியாக இருந்தது. எங்களிடம் தவறிவிட்டது. நினைவில் வைக்கும் நேரத்தை நீங்கள் எவ்வளவு குறைத்து வைத்தும் நாங்கள் மறக்கவில்லை.

போன வாரம் அலுவலகத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. தூரத்துப் பள்ளி ஒன்றின் காவலாளி. “அட்ரஸ் அண்ணன் இருக்காருங்களா?” என்று கேட்டிருக்கிறார். வரவேற்பில் இருந்தவர் வேலைக்குப் புதியவர். பட்டியலைப் பார்த்துவிட்டு, “அப்படி யாரும் இங்க இல்லைங்க” என்று சொன்னார். அவர்மேல் தவறில்லை, பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. நான் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். அந்த வார்த்தை காதில் விழுந்தபோதுதான், அவர் இறந்தபின் முதல்முறையாக நான் அழுதேன்.

எங்கள் தொழிலில் இருக்கும் பதில்களிலேயே கடைசியானது அதுதான். எங்கும் கேட்டுப் பார்த்தாயிற்று, அப்படி ஒரு பெயரே கிடையாது என்ற பதில்.

எங்கள் தலைவர் முன்னிலையில், அண்ணி முன்னிலையில், அலுவலகத்தில் உள்ள எல்லோர் சார்பிலும் சொல்கிறேன். உங்கள் பெயர்களை நாங்கள் காப்போம். வீடு மாறும்போது பழைய வீட்டில் கடைசி ஆள் வரும்வரை உட்கார்ந்திருப்போம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரைக் காட்டுவோம். நூலகர் அம்மா, வாரம் ஒருமுறை நாங்களே உங்களைக் கூப்பிடுவோம். அண்ணனின் மகளே, உங்கள் கேள்விகளுக்கு எங்களிடம் பதில் இருக்கலாம். நீங்கள் கேட்பது அதை அல்ல என்பதும் எங்களுக்குத் தெரியும்.

இனி யார் அழைத்து அண்ணனைக் கேட்டாலும், ‘அப்படி யாரும் இல்லை’ என்ற பதில் எங்கள் அலுவலகத்திலிருந்து போகாது. ‘இருந்தார்’ என்று சொல்லுவோம். அவர் யார் என்று சொல்லிவிட்டு, அதன் பிறகு அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்போம்.